பாக்கி இல்லை

மான்க்ரீஃப் ஹோட்டலின் பெயர் மேல்
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தாயிற்று.
மழை பெய்தால் முதல் எழுத்து மட்டும் கசிந்து தெரியும்.
அதற்குக் கீழே கன்னடத்தில்
மாநகராட்சி, கன்டோன்மென்ட் பிரிவு.

நடனம் ஆடிய கூடத்தில் கந்தாயம் கட்டலாம்.
தேக்குத் தரை இன்னும் வழுக்கும்,
வரிசையில் நிற்பவர்கள் தாமறியாமல்
அரையடி அரையடியாய் முன்னேறுகிறார்கள்.
பியானோ அழுத்திய குழிகள் மூன்று.
ஜெராக்ஸ் மெஷினுக்குக் கால்கள் நான்கு.
மிஞ்சிய காலுக்கு அடியில்
போன தேர்தலின் வாக்காளர் பட்டியல்.

நான் மாடியில். பிறப்பு இறப்பு.
அறைகளுக்குப் புது எண் போட்ட பொறியாளர்
எதிர்முனையிலிருந்து தொடங்கினார், ஏன் என்று தெரியாது.
பழைய பித்தளை எண்களைக் கழற்றவும் மறந்தார்.
ஆகவே என் கதவு பதினான்கு, நான்கு இரண்டும்.
வருகிறவர்கள் இரண்டையும் விட்டு
வேறெங்கோ போய்த் தட்டுகிறார்கள்.

புதிய எண் ஒன்று, தாழ்வாரத்தின் கோடியில்,
'மகளிர்' என்று பலகை அடித்த கழிப்பறை.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பூட்டு.
சாவி இல்லை என்று மனு கொடுத்தோம்.
சாவி எங்கே என்று விளக்கம் கேட்டார்கள்.
பூட்டை உடைக்கலாமா என்றோம்.
பாரம்பரியக் கட்டடமாம், உடைக்கக் கூடாதாம்.
கோப்பு நடக்கிறது.
நானும் கௌரம்மாவும் ஷகீராவும் நடக்கிறோம்,
ரோட்டைத் தாண்டி எதிர் தர்ஷினிக்கு.
சும்மா போனால் முறைப்பார்கள், ஒரு காபி வாங்கவேண்டும்.
காபி குடித்தால் மறுபடி வரவேண்டும்.

புதன்கிழமை, டோக்கன் நாற்பத்திரண்டு.
வேட்டி, உடுமலைப் பக்கத்துப் பேச்சு. பெயர் ஆறுச்சாமி.
பிறப்பா இறப்பா என்றேன்.
'ரெண்டுமில்லீங்' என்று
துண்டின் முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை
இறப்புப் பதிவேட்டின் மேல் வைத்தார்.
பித்தளை வில்லையில் பதினேழு. பின்புறம் ஆங்கிலத்தில்
மறந்து கொண்டுபோனால் எந்தத் தபால் பெட்டியிலும் போடலாம்,
கூலி எங்களுடையது.

'அப்பன் மோட்டார் பம்பு விக்க வந்து
ஒரு ராத்திரி தங்குனாருங், அறுபத்தெட்டுல.
பொட்டில போட்டா எவனாச்சும் எடுத்துக்குவான்
கையிலதான் குடுக்கோணும்னு வெச்சிருந்தாரு.
போன மாசம் தவறிட்டாரு.
சாமானெல்லாம் பங்கு போட்டாச்சு, இதை மட்டும்
ஆரும் வேண்டாங்கறாங்க.
கீழ கேட்டா கந்தாய ஆபீசுன்னாங்க.
எங்கூர்லயும் அதுக்கு அதே பேருதானுங்.
பாக்கி கீக்கி இருந்தா சொல்லுங்க.'

பதினான்கு, பதினைந்து என்று
விரல் விட்டுக்கொண்டே எழுந்தேன்.
கௌரம்மா எழுந்தாள்.
ஷகீரா ரப்பர் முத்திரையைக் கீழே வைக்காமலே வந்தாள்.

'மகளிர்' பலகைக்குக் கீழே துவாரம்.
சாவி பாதியில் நின்றது.
தலைக்குத் தடவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம்.
திரும்பியது.

சிங்கக் கால் வைத்த பீங்கான் தொட்டி,
அதன் விளிம்பு வரை புறா இறகு.
கண்ணாடியில் நாங்கள் மூவர்,
எங்களுக்குப் பின்னால்
பெண்கள் இடம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட
ஆறுச்சாமியின் முதுகு.
கௌரம்மா குழாயைத் திருகினாள்.
வெகுநேரம் காற்று.
வெகுநேரம்.
பிறகு டீ நிறத்தில் தண்ணீர்.

ரசீது வேண்டுமாம், தங்கச்சி நம்பமாட்டாளாம்.
சாவிக்குப் படிவம் கிடையாது.
வெள்ளைத் தாளில் எழுதினேன்:
'சாவி ஒன்று பெறப்பட்டது. பாக்கி இல்லை.'
ஷகீரா முத்திரை குத்தினாள்.
இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்,
'அப்ப அவரு ரூமைக் காலி பண்ணிட்டாருங்ளா?'
பண்ணிட்டாரு என்றேன்.

உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றவில்லை.
ஏற்றினால் மேலே ஒப்படைக்கச் சொல்வார்கள்.
திங்கள் செவ்வாய் என் டிபன் பையில்,
புதன் வியாழன் கௌரம்மா, மிச்ச நாள் ஷகீரா.
நேற்று நினைவூட்டல் வந்தது.
சாவி குறித்த எங்கள் விளக்கம்
இன்னும் கிடைக்கவில்லையாம்.